சாதனை நேரம் எடுத்த படகு ஏன் கடைசியாக வந்தது?

கேள்வி இதுதான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெண்கள் எட்டுப் பேர் துடுப்புப் படகுப் போட்டியின் ரெப்பசாஜ் (முதல் சுற்றில் ஜெயிக்காத அணிகளுக்கான மறு வாய்ப்பு) சுற்றில் ருமேனியா 5 நிமிடம் 52.99 வினாடியில் வந்தது. அது உலகிலேயே சிறந்த நேரம். இரண்டே நாள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில் அதே ருமேனியா ஆறாவது, அதாவது கடைசி. தங்கம் வென்ற கனடாவின் நேரமோ 5 நிமிடம் 59.13 வினாடி. "ருமேனியா வேண்டுமென்றே விட்டதா, இல்லை கனடாவுக்கு வெறும் அதிர்ஷ்டமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: முதல் சுற்றில் ஜெயிக்காத அணிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பது நியாயமா? நியூசிலாந்துப் பெண்கள் படகில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தாரே, அது எப்படி?

நீங்கள் உண்மையில் கேட்பது, இந்த விளையாட்டில் கடிகாரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் என்று நினைக்கிறேன். என் பதில்: ஒரே போட்டியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய படகுகளுக்கு இடையே முழுதாக நம்பலாம். வேறு வேறு நாள், வேறு வேறு நீர்நிலை என்று போய்விட்டால், பெரும்பாலும் நம்ப முடியாது. பல வருடம் எட்டுப் பேர் படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து துடுப்பு வலித்தவள், அதற்கப்புறம் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். டோக்கியோவில் நான் இல்லை. நான் பார்த்தது ஒளிபரப்பையும் முடிவுப் பட்டியலையும்தான். அதனால் எது உறுதி, எது என் கணிப்பு என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. அந்தப் போட்டியில் மொத்தம் ஏழு படகுகள், தூரம் 2000 மீட்டர். ஜூலை 24 அன்று இரண்டு ஹீட்ஸ் (முதல் சுற்றுப் பந்தயங்கள்) நடந்தன. ஒன்றில் நியூசிலாந்தும் மற்றொன்றில் அமெரிக்காவும் ஜெயித்து நேராக இறுதிக்குப் போயின. மீதி ஐந்தும் ஜூலை 28 அன்று ரெப்பசாஜில் இறங்கின. அதில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்களுக்கு இறுதியில் இடம், ஒருவர் மட்டும் வெளியே. அந்தச் சுற்றில்தான் ருமேனியா முதலில் வந்து 5:52.99 எடுத்தது. வெளியேறியது பிரிட்டன். கனடாவும் அதே சுற்றில், ருமேனியாவுக்குப் பின்னால்தான் வந்தது. ஜூலை 30 அன்று இறுதி: கனடா 5:59.13, நியூசிலாந்து 6:00.04, சீனா 6:01.21. அமெரிக்கா நான்காவது, ஆஸ்திரேலியா ஐந்தாவது, ருமேனியா ஆறாவது.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். உலகத் துடுப்புப் படகுச் சம்மேளனம் இந்த நேரங்களை "உலக சாதனை" என்று சொல்வதில்லை; "உலகச் சிறந்த நேரம்" என்றுதான் பதிவு செய்கிறது. ஓட்டப்பந்தயத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் 100 மீட்டர் சாதனை செல்லாது. துடுப்புப் படகில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. காற்று எப்படி அடித்தாலும், தண்ணீர் எப்படி இருந்தாலும், எடுத்த நேரம் எடுத்ததுதான். அதனாலேயே அந்த எண்ணுக்கு யாரும் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. வாங்கினால் சந்தோஷம், அவ்வளவுதான்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அமெரிக்கப் பெண்கள் அணி. 2006 முதல் 2016 வரை எட்டுப் பேர் படகில் உலகச் சாம்பியன்ஷிப், ஒலிம்பிக் எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை; தொடர்ந்து பதினொரு வருடம். அந்தக் காலத்தின் நடுவில், 2012 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரிலுள்ள ரோட்சே ஏரியில் 5:54.17 எடுத்தார்கள். அன்றைக்கு அதுதான் உலகச் சிறந்த நேரம். இரண்டு மாதம் கழித்து லண்டன் ஒலிம்பிக் இறுதியில் அவர்கள் எடுத்தது 6:10.59. பதினாறு வினாடிக்கு மேல் மெதுவாக! ஆனாலும் தங்கம் அவர்களுக்குத்தான். இரண்டாவதாக வந்த கனடா 6:12.06. இரண்டு மாதத்தில் அமெரிக்கர்கள் பலவீனமாகி, கூடவே மற்ற எல்லா நாட்டினரும் அதே அளவுக்குப் பலவீனமாகிவிட்டார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? மாறியது காற்றும் தண்ணீரும்தான். அடுத்த வருடம், 2013இல், அதே லூசெர்னில் 5:54.16 எடுத்துத் தங்கள் நேரத்தையே நூறில் ஒரு வினாடி குறைத்தார்கள். படகு வேகமாகப் போக வேண்டுமானால் எங்கே போக வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

காற்று இவ்வளவு செய்யுமா என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகைத் தடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருடையது. காற்றில்லாத நாளில் காற்றுத் தடை பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்று அதிகம். ஆனால் அந்தத் தடை காற்றுக்கும் படகுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து (வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு) ஏறி இறங்கும். பெண்கள் எட்டுப் பேர் படகு வினாடிக்குச் சுமார் 5.5 மீட்டர் போகிறது. பின்னாலிருந்து வினாடிக்கு 3 மீட்டர் காற்று வீசினால், படகு உணரும் காற்று 2.5 மீட்டர்தான்; காற்றுத் தடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதே 3 மீட்டர் எதிரே வீசினால் 8.5 ஆகி, தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். எதிர்காற்று எடுத்துக்கொள்வது பின்காற்று கொடுப்பதைவிட அதிகம் என்பதையும் இதிலேயே பார்க்கலாம். இது உடம்பின் மேலும் படகின் மேலும் படும் காற்று மட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் எட்டுத் துடுப்புகள் காற்றில் முன்னோக்கிப் போக வேண்டுமே, அந்தக் கணக்கு தனி.

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். அதனால் தொடக்கத்தில் படகு நிற்கும்போது பின்காற்று என்றால் அது முகத்தில் அடிக்கும். எதிர்காற்று முதுகில் அறையும். நல்ல பின்காற்றில் படகு நமக்கு முன்னாலேயே ஓடுவது போலிருக்கும். பிளேடை (துடுப்பின் தட்டையான முனையை) தண்ணீரில் வைக்கும்போது தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நொடியின் சிறு துணுக்கு தாமதித்தாலும் பிளேடு பிடிமானம் இல்லாமல் வழுக்கிவிடும். கைகளுக்குப் பாரமே தெரியாது, ஆனால் வேகமும் நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும். எதிர்காற்றில் எல்லாம் நேர்மாறு. ஒவ்வொரு இழுப்பும் நீளும், முதுகின் கீழ்ப்பகுதி மூன்றாவது நிமிடத்திலேயே பேச ஆரம்பிக்கும், உயரமும் எடையும் உள்ளவர்களுக்கு அது சாதகம். பயிற்சியாளர்கள் அதற்காகவே துடுப்பின் கைப்பிடிப் பக்கத்து நீளத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டிப் பாரத்தைக் குறைப்பார்கள். ஆக, ஒரே அணி பின்காற்றில் பறப்பதும் வேறு காற்றில் திணறுவதும் நடக்கக் கூடியதே. எந்த அணிக்கு எந்தக் காற்று ஒத்துப்போகும் என்பது அதன் உடல்வாகையும் பழக்கத்தையும் பொறுத்தது.

சரி, டோக்கியோவில் அந்த இரண்டு நாளும் எப்படி இருந்தன? வேகத்தை மட்டும் வைத்து ஒரு நாளை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதே நாளில் ஓடிய மற்றப் படகுகளைப் பார்ப்பது. ஜூலை 28 அன்று சீனப் பெண்களின் நால்வர் ஸ்கல் (ஆளுக்கு இரண்டு துடுப்பு) படகு 6:05.13 எடுத்தது, நெதர்லாந்து ஆண்களின் நால்வர் ஸ்கல் படகு 5:32.03 எடுத்தது. இரண்டுமே உலகச் சிறந்த நேரங்கள். ஒரே நாளில், ஒரே நீர்நிலையில், வேறு வேறு வகைப் படகுகளில் இப்படி வரிசையாகச் சிறந்த நேரங்கள் விழுந்தால், அன்று தண்ணீர் வேகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ருமேனியாவின் 5:52.99 வந்தது அந்த நாளில்தான். அதற்கு முந்தைய நாட்களில் புயல் எச்சரிக்கையால் போட்டி அட்டவணையையே மாற்ற வேண்டியிருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். காற்று நிலையாக இருந்த வாரம் அல்ல அது.

ஜூலை 30க்கும் அதே அளவுகோலைப் போடலாம். அன்றைக்கே ஆண்கள் எட்டுப் பேர் இறுதியும் நடந்தது, நியூசிலாந்து 5:24.64இல் ஜெயித்தது. அந்தப் பிரிவின் உலகச் சிறந்த நேரம் ஜெர்மனி 2017இல் போலந்தின் போஸ்னானில் எடுத்த 5:18.68. வித்தியாசம் கிட்டத்தட்ட 6 வினாடி. பெண்களில் கனடாவின் 5:59.13க்கும் 5:52.99க்கும் வித்தியாசம் 6.14 வினாடி. பெண்கள் போட்டி நீளுவது அரை நிமிடம் அதிகம் என்பதால், சதவீதத்தில் பார்த்தால் கனடா தன் பிரிவின் சிறந்த நேரத்துக்கு இன்னும் நெருக்கமாகவே இருந்தது: அங்கே 1.9, இங்கே 1.7. நியூசிலாந்து ஆண்கள் மெதுவாக ஓட்டி ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கனடாவையும் அப்படிச் சொல்ல முடியாது. எனவே "சாதனையைவிட ஆறு வினாடி மோசமான நேரத்தில் தங்கம்" என்ற உங்கள் குறை இதோடு தீர்ந்துவிடுகிறது.

தீராத பகுதி மற்றது: காற்று எல்லோருக்கும் பொதுதானே, அப்படியானால் ரெப்பசாஜில் கனடாவுக்கு முன்னால் வந்த ருமேனியா இறுதியில் ஏன் அதற்குப் பின்னால் போனது? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே விட்டார்கள் என்பதை நான் சட்டை செய்யவே மாட்டேன். ஒலிம்பிக் இறுதியில் விட்டுக்கொடுத்து ஒரு நாட்டுக்குக் கிடைக்கப் போவது ஒன்றுமில்லை. ஆனால் ரெப்பசாஜில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஐந்தில் நான்கு பேர் தேறும் சுற்றில் ஜெயிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கனடா தன் இடம் உறுதியானதும் கடைசி 500 மீட்டரில் வேகத்தை அடக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ருமேனியா நம்பிக்கை தேடி முழுமூச்சாகப் போயிருக்கலாம். இரண்டுமே என் ஊகம். கரையிலிருந்து பார்ப்பவருக்கு எட்டுப் பேர் 95 சதவீதம் கொடுக்கிறார்களா 100 கொடுக்கிறார்களா என்று தெரியாது. சில நேரம் படகுக்குள் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகைப் பார்த்துக்கூடச் சொல்ல முடியாது.

ஆறு நிமிடம் முழுதாகக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் மீள முடியுமா? பயிற்சி உள்ள உடம்பால் முடியும். தசையில் சேரும் சோர்வு அடுத்த நாள் பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்கு நல்ல சான்று நியூசிலாந்துப் படகிலேயே இருந்தது. கிரேஸ் பிரெண்டர்காஸ்ட், கெர்ரி கவ்லர் இருவரும் ஜூலை 29 அன்று இருவர் படகில் தங்கம் வென்றார்கள். மறுநாளே எட்டுப் பேர் படகில் ஏறி வெள்ளி வாங்கினார்கள். ஆகவே ரெப்பசாஜ் களைப்பு மட்டும் ருமேனியாவைக் கடைசிக்குத் தள்ளியது என்று சொல்ல எனக்குத் தயக்கம். என் சாய்வு இதுதான்: முதலில் சொன்ன காற்று ஒத்துப்போகும் விஷயம் கொஞ்சம், இறுதிப் போட்டியின் தொடக்க வேகத்துக்கு விலை கொடுத்தது கொஞ்சம். எட்டுப் பேர் படகில் இந்த இரண்டும் சேர்ந்தாலே ஆறாம் இடத்துக்குப் போக எதுவும் குறைவில்லை, ஏனென்றால் இடைவெளிகள் அவ்வளவு சின்னவை. அந்த வேகத்தில் ஒரு வினாடி என்பது ஐந்தரை மீட்டர். கனடாவும் நியூசிலாந்தும் பிரிந்தது 0.91 வினாடியில், அதாவது சுமார் ஐந்து மீட்டரில். படகின் நீளமே பதினேழு மீட்டருக்கு மேல். இரண்டாயிரம் மீட்டர் ஓடிய பிறகு மூன்றில் ஒரு படகு நீளம்.

அந்த ருமேனிய நேரம் போலி இல்லை என்பதற்கு அடுத்த மூன்று வருடங்கள் சாட்சி. 2022இல் செக் நாட்டின் ராசிட்சேயிலும் 2023இல் பெல்கிரேடிலும் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் இரண்டிலும் எட்டுப் பேர் படகில் ருமேனியாதான் முதலிடம். அப்புறம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது கேள்வி, தோற்றவர்களுக்கு மறு வாய்ப்பு நியாயமா என்பது. இந்த விளையாட்டில் அது இல்லாவிட்டால்தான் அநியாயம். ஏழு படகுகளை இரண்டு ஹீட்ஸாகப் பிரிக்கும்போது மூன்று ஒரு பக்கம், நான்கு ஒரு பக்கம் போகும். பலமான இரண்டு அணிகள் ஒரே ஹீட்டில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு ஹீட் ஓடும்போது இருந்த காற்று பத்து நிமிடத்தில் அடுத்த ஹீட்டுக்கு மாறிவிடலாம். நேரத்தை வைத்து அணிகளைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதன் நேரடி விளைவுதான் ரெப்பசாஜ். நீச்சலில் எல்லா ஹீட்ஸையும் சேர்த்து வேகமான எட்டுப் பேரை எடுத்துவிடலாம்; மூடிய அரங்கில் அது சரி. திறந்த நீரில் சரிவராது. டோக்கியோவில் ஆண்கள் எட்டுப் பேர் தங்கம் வென்ற நியூசிலாந்தும் ரெப்பசாஜ் வழியாக வந்த அணிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட்ஸில் ஜெயித்தவர்களுக்கு ஜூலை 24க்கும் 30க்கும் இடையில் ஒரு பந்தயமும் இல்லை. ஆறு நாள் சும்மா பயிற்சி செய்துவிட்டு இறுதிக்கு வருவதைவிட, நடுவில் ஒரு முறை எதிராளிகளோடு உரசிவிட்டு வருவது நல்லது என்று நினைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. நானும் ஓரளவு அந்தக் கட்சிதான். இரண்டு தங்கத்தை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது.

தடங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டிகளில் ஆறு தடங்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம், மிதவைகளால் பிரிக்கப்பட்டிருக்கும். வழக்கமாக முந்தைய சுற்றில் நன்றாக வந்தவர்களுக்கு நடுத் தடம். குறுக்குக் காற்று அடித்து ஒரு கரைப்பக்கம் மட்டும் ஒதுக்கமாக இருந்தால், அதற்கென்று இருக்கும் குழு தடங்களை மாற்றி, நன்றாக வந்தவர்களுக்கு ஒதுக்கமான பக்கத்தைக் கொடுக்கும். டோக்கியோ நீர்வழி கடலோரத்தில் இரண்டு செயற்கைத் தீவுகளுக்கு நடுவில் இருந்தது. அலையை அடக்கப் போட்ட மிதவைகளில் சிப்பிகள் ஒட்டி வளர்ந்து, மிதவைகளே மூழ்க ஆரம்பித்து, போட்டிக்கு முன்னால் பதினான்கு டன் சிப்பியைச் சுரண்டி எடுத்தார்கள். தண்ணீரைச் சமமாக வைத்திருப்பது அவ்வளவு பாடு. 2016 ரியோவில் முதல் நாளே காற்றில் செர்பியாவின் இருவர் படகு கவிழ்ந்தது. மறுநாள் போட்டிகளைத் தள்ளிவைத்தார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னது. அவர் காக்ஸ். துடுப்பு வலிக்காமல் படகின் பின் முனையில் முன்னோக்கி உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவர். ஒன்பது பேரில் போகும் வழியைப் பார்க்கும் ஒரே ஆள். 2017இல் விதி மாறி, எந்த அணிக்கும் ஆணோ பெண்ணோ காக்ஸாக இருக்கலாம் என்று ஆனது. நீங்கள் பார்த்தவர் கேலப் ஷெப்பர்ட். பெண்கள் அணியோடு அவருக்கும் வெள்ளி. பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மேன் டோக்கியோவில் ஆண்கள் எட்டுப் பேர் படகிலும், பாரிஸில் பெண்கள் எட்டுப் பேர் படகிலும் காக்ஸாக இருந்து இரண்டிலும் வெண்கலம் வாங்கினார். உடல் பலத்தில் வரும் சாதகம் எதுவும் இதில் இல்லை. எடைக்கு மட்டும் ஒரு விதி உண்டு: காக்ஸ் 55 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையை மணல் மூட்டையோ வேறு பாரமோ வைத்து ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் காக்ஸ் வெறும் சுமை என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்க மேடையில் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு படகின் பின் முனையைப் பிடித்திருப்பார். சிவப்பு விளக்கு பச்சையானதும் முதல் இழுப்பு பாதி நீளம், அடுத்ததும் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. நின்றுகொண்டிருக்கும் பாரத்தை நகர்த்த வேண்டுமே. முதல் சில இழுப்புகளில் நிமிடத்துக்கு 45 இழுப்பைத் தாண்டும் வேகம், ஒரு நிமிடத்துக்குள் 37, 38க்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைச் செய்ய வைப்பது காக்ஸின் குரல்தான். உற்சாகத்தில் 40இலேயே ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது 500இல் கூலி கேட்கும். ஒலிவாங்கியில் அவர் சொல்வது படகுக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகளில் ஒவ்வொருவர் காலடியிலும் கேட்கும்: "ஐந்தாம் தடத்தின் மூன்றாம் ஆளோடு இருக்கிறோம்... இப்போது இரண்டாம் ஆள்." நம்மால் திரும்பிப் பார்க்க முடியாது, பின்தங்கிய படகுகள் மட்டுமே கண்ணில் படும். முன்னால் போகிறவர்களை அந்தக் குரல் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும். கனடாவின் காக்ஸ் கிறிஸ்டன் கிட், அதற்கு முன் 2016 பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்ற படகில் காக்ஸாக இருந்தவர். அதே கனடா படகில் காசியா குருசாலா-வெசியர்ஸ்கி, ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது சைக்கிள் விபத்தில் காறை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து துடுப்பு வலித்தார். 1992 பார்சிலோனாவுக்குப் பிறகு இந்தப் பிரிவில் கனடாவுக்கு அதுதான் முதல் தங்கம். இதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய நேரங்களோடு ஒப்பிடும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. பெண்கள் துடுப்புப் படகு ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1976 மான்ட்ரியலில்தான். அப்போதும் 1980, 1984இலும் பெண்களுக்கு 1000 மீட்டர்தான் தூரம். 1984இல் அமெரிக்கா 2:59.80இல் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு மலைத்துப்போக வேண்டாம். 1985 முதல்தான் ஆண்களைப் போலவே 2000 மீட்டர்.

அடுத்த முறை முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது மொத்த நேரத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒவ்வொரு 500 மீட்டரிலும் யார் எத்தனையாவது இடத்தில் இருந்தார்கள் என்று பார்ப்பது நல்லது. முதல் 500 எல்லோருக்கும் வேகமாகத்தான் இருக்கும். மூன்றாவது 500இல் மற்றவர்களைவிடக் குறைவாக மெதுவாகிறவர் யார் என்று தேடினால், அந்த அணிக்குத்தான் அன்றைக்கு உடம்பில் மிச்சம் இருந்தது. அப்புறம் இடைவெளிகள். அப்புறம் அதே மணி நேரத்தில் ஓடிய மற்றப் பிரிவுகள் தங்கள் சிறந்த நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தன என்பது. அணித் தேர்வின்போது நாங்கள் செய்வதும் இதேதான்.

இந்த முறையில் பாரிஸைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 3, வேர்-சுர்-மார்ன் நீர்நிலை. ருமேனியா 5:54.39, கனடா 5:58.84, பிரிட்டன் 5:59.51. நேரத்தைப் பார்த்தால் டோக்கியோ ரெப்பசாஜைவிட ஒன்றரை வினாடி மெதுவு. ஆனால் கனடாவுக்கும் அவர்களுக்கும் இடையே நாலரை வினாடி, ஏறக்குறைய 25 மீட்டர், ஒன்றரைப் படகு நீளம். எட்டுப் பேரில் சிமோனா ராடிஷ், அன்குட்சா போட்னார் இருவரும் இரண்டு நாள் முன்பு இருவர் ஸ்கல் படகில் வெள்ளி வாங்கியவர்கள். ரோக்ஸானா ஆங்கெல், இயோவானா விரின்சியானு முந்தைய நாள்தான் இருவர் படகில் வெள்ளி வாங்கியிருந்தார்கள். படகில் குறைந்தது பாதிப் பேர் ஏற்கெனவே இன்னொரு இறுதிப் போட்டியை முடித்துவிட்டு வந்து எடுத்த இடைவெளி அது. ருமேனியப் பெண்களின் சிறந்த பந்தயம் எது என்று என்னைக் கேட்டால், 5:52.99ஐ விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.